பியர்-டு-பியர் வலையமைப்பைத் திட்டமிடுவது எப்படி: தேடல், தாங்குதிறன், பாதுகாப்பு

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பழைய கல்வெட்டுகளையும் சமணச் சிற்பங்களையும் படமெடுத்துவரும் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிக்கொள்வோம். கீழக்குயில்குடிச் சமணர் மலைப் படங்கள் திருப்பரங்குன்றத்தில் இருப்பவரிடமும், அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவுப் படங்கள் மேலூரில் இருப்பவரிடமும், விக்கிரமங்கலம் பக்கத்துப் படங்கள் உசிலம்பட்டியில் இருப்பவரிடமும் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு டெராபைட் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாறையில் உள்ள எழுத்தின் கீறல் தெரியாத அளவுக்குப் படம் சுருங்கிவிடுகிறது. கிளவுடில் இடம் வாங்கினால் ஆண்டுதோறும் பணம் கட்டுபவர் ஒருவராகவும், அவர் கட்ட மறந்தால் இழப்பவர்கள் எல்லோருமாகவும் ஆகிவிடுகிறது. அவரவர் கணினியிலிருந்தே நேரடியாகக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் பியர்-டு-பியர் முறை இத்தகைய குழுவுக்குப் பொருந்தி வரும். கணினி வலையமைப்பில் முன்பயிற்சி இல்லாதவர்களும் அதைத் திட்டமிட்டு அமைக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மென்பொருளைத் தேடி இறக்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ள வேண்டும். எந்தக் கோப்பு எவரிடம் இருக்கிறது என்னும் விவரத்தை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? ஒருவர் மட்டுமா, எல்லோருமா, பொறுக்கியெடுத்த சிலரா, கணக்கு விதிப்படி ஆளுக்குக் கொஞ்சமா? தேடல் எவ்வளவு விரைவாக நடக்கும், ஒரு கணினி அணைந்தால் எவ்வளவு போகும், கெட்ட எண்ணம் உள்ளவர் எந்த இடத்தில் கைவைப்பார் ஆகிய மூன்றையும் இந்த ஒரு விடைதான் முடிவு செய்கிறது. மூன்றையும் தனித்தனிப் பிரச்சினைகளாக எண்ணித் தனித்தனி மருந்து தேடுபவர்கள், ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் படி: இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் உறுப்பினர் பெயர், அவரிடம் உள்ள கோப்புகளின் மொத்த அளவு, அவர் கணினி நாளில் எத்தனை மணி நேரம் இயங்கும், அவர் வீட்டு இணைய இணைப்பு எவ்வகை என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். புதியவர் ஒருவர் சேர வேண்டுமானால் யார் சம்மதிக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; பாதுகாப்பின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. ஒருவரையொருவர் முகம் தெரிந்த எட்டுப் பேரின் வலையமைப்பும், யாரும் எப்போதும் நுழையக்கூடிய வலையமைப்பும் ஒரே மென்பொருளில் ஓடினாலும் ஒன்றாகா.

இரண்டாம் படி: தேடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

1999 முதல் நான்கு வழிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எங்கே உடைந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும்.

முதலாவது, நடுவில் ஒரே பட்டியல். 1999 ஜூனில் வெளிவந்த நாப்ஸ்டரில் பாடல்கள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. எந்தப் பாடல் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் அந்நிறுவனத்தின் சர்வர்களில் இருந்தது. தேடினால் உடனே விடை வரும். பட்டியலில் இல்லை என்றால் அப்போது இணைந்திருந்தவர் எவரிடமும் இல்லை என்று பொருள். ஆனால் இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கின் முடிவில் 2001 ஜூலையில் அந்தச் சர்வர்கள் நின்றபோது வலையமைப்பே நின்றுபோயிற்று. பாடல்கள் அத்தனையும் பயனர்களின் கணினிகளில் அப்படியே இருந்தன. கேட்டுச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. சர்வரை வைத்திருந்தவருக்கு யார் எதைத் தேடினார்கள் என்பது முழுவதும் தெரிந்திருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பட்டியலே இல்லாமல் அண்டைக் கணுக்களைக் கேட்பது. வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கணினியையும் கணு என்பார்கள். 2000 மார்ச்சில் வெளிவந்த நுடெல்லா இந்த முறையைக் கையாண்டது. உங்கள் கணு தன் அண்டைக் கணுக்களைக் கேட்கும். அவை தம் அண்டைக் கணுக்களைக் கேட்கும். கேள்வி எத்தனை கை மாறலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு, அது பெரும்பாலும் 7. ஒவ்வொரு கணுவுக்கும் நான்கு அண்டைக் கணுக்கள் இருப்பதாகவும் யாரும் இருமுறை கேட்கப்படவில்லை என்றும் வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் 4, அடுத்ததில் 12, அதற்கடுத்ததில் 36 என்று பெருகி, ஏழாவது சுற்று முடியும்போது ஒரே தேடலுக்கு 4,372 செய்திகள் போயிருக்கும். அவ்வளவு செலவு செய்தும் எட்டாவது கையில் இருந்த கோப்பு கண்ணில் படாது. இம்முறையில் ‘கிடைக்கவில்லை’ என்ற விடைக்கு ‘இல்லை’ என்று பொருள் கொள்ளவே முடியாது.

இதைச் சமத்துவமான வலையமைப்பு என்று பலர் புகழ்ந்தார்கள். அதே 2000ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த இருவர் நுடெல்லாவை அளந்து பார்த்தபோது, பயனர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் எதையுமே பகிரவில்லை என்பதும், விடைகளில் பாதியளவு மேல்தட்டில் இருந்த 1 சதவீதக் கணினிகளிடமிருந்தே வந்தது என்பதும் தெரிந்தது. அப்படியானால் உண்மையில் ஒரு சிலரே அந்த வலையமைப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். இத்தகைய அமைப்பில் கண்டபடி பத்துப் பேர் வெளியேறினால் ஒன்றும் ஆகாது. அந்தச் சிலரைப் பார்த்துக் குறிவைத்து நீக்கினால் வலை துண்டுதுண்டாகும். தற்செயலான பழுதைத் தாங்கும் அமைப்பு திட்டமிட்ட தாக்குதலைத் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது முறை, இந்த உண்மையை ஒப்புக்கொண்டு, வலிமையான சில கணினிகளைப் பெருங்கணுக்களாக்கி அவற்றிடம் பட்டியலை ஒப்படைப்பது. 2001இல் வந்த கசாவும் 2003இல் தொடங்கிய ஸ்கைப்பும் இப்படித்தான் இயங்கின. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனாலும் பெருங்கணுக்கள் எல்லாம் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பை ஓட்டினால் என்ன ஆகும் என்பதை 2010 டிசம்பரில் ஸ்கைப் காட்டியது. சில துணைச் சர்வர்கள் நெரிசலில் தாமதமாகப் பதிலளித்தன. அந்தத் தாமதமான பதிலைச் சரியாகக் கையாளத் தெரியாத ஒரு விண்டோஸ் பதிப்பு தொடர்ந்து நின்றுபோனது. அந்தப் பதிப்பை ஓட்டிய பெருங்கணுக்களும் சேர்ந்து விழுந்ததில் மொத்தப் பெருங்கணுக்களில் 25 முதல் 30 சதவீதம் மறைந்தன. மிச்சம் இருந்தவற்றின் மேல் மொத்தச் சுமையும் ஏறியதால் அவையும் தள்ளாடின. சேவை ஏறத்தாழ ஒரு நாள் முடங்கிக் கிடந்தது. எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, எத்தனை ஒரே காரணத்தால் விழக்கூடியவை என்று எண்ணுவது முக்கியம்.

நான்காவது, டிஹெச்டி எனப்படும் பகிர்ந்த ஹாஷ் அட்டவணை. 2001இல் எம்ஐடி ஆய்வாளர்களின் கார்டு முதலிய திட்டங்களும், 2002இல் மேமௌன்கோவ், மாசியேர் இருவரின் கடெம்லியாவும் இதற்கு வழி வகுத்தன. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு நீண்ட எண். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்னும் ஒரு நீண்ட எண். கோப்பின் எண்ணுக்கு நெருக்கமான எண் உள்ள கணுக்களே அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பை வைத்திருக்கும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரியும் ஊரில், ‘மேல மாசி வீதி’ என்ற பெயர் காதில் விழுந்ததும் எந்தத் திசையில், எத்தனையாவது சுற்றில் என்பது தெரிந்துவிடுகிறது. முச்சந்திதோறும் நின்று எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. அதேபோல் இங்கும் ஒவ்வொரு கேள்வியும் இலக்கைப் பாதிக்குப் பாதி நெருங்குகிறது. பத்து லட்சம் கணுக்கள் உள்ள வலையமைப்பிலும் சுமார் இருபது தாவல்களுக்குள் விடை கிடைத்துவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை, சரியான எண்ணை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும் என்பதுதான். ‘மாங்குளத்தில் எடுத்த படங்களில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறவை’ என்று டிஹெச்டியிடம் கேட்க முடியாது. கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். ‘ஏறக்குறைய இது’ என்ற தேடல் அங்கே கிடையாது. ஒரு கோப்பைத் துண்டுதுண்டாகப் பலரிடமிருந்து இறக்கும் டோரண்ட் உலகில் இதனால்தான் தேடல் ஒரு பக்கமும் பகிர்வு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கிறது: பெயரை வைத்துத் தேட ஏதோ ஒரு பட்டியல் தளம் வேண்டும், அங்கே ஹாஷ் எண்ணைத் தாங்கிய மேக்னெட் இணைப்பு கிடைத்த பிறகே டிஹெச்டி வேலை செய்கிறது.

எட்டுப் பேருக்கு இந்த நான்கில் எதுவும் அப்படியே தேவையில்லை என்பது என் முடிவு. குழு சிறியதாக இருக்கும்போது பட்டியல் முழுவதையும் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் படங்களின் பெயர், இடம், தேதி, குறிப்பு ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் சில பத்து மெகாபைட்டைத் தாண்டாது. தேடல் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும். வலையில் ஒரு செய்தியும் போகாது. நீங்கள் எதைத் தேடினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. எவர் கணினி அணைந்தாலும் தேடல் நிற்காது. பெரிய வலையமைப்புகள் இதைச் செய்ய இயலாமல்தான் மற்ற வழிகளைக் கண்டுபிடித்தன. மையமே இருக்கக் கூடாது என்பதற்காகச் சிறு குழு ஒன்று டிஹெச்டி மென்பொருளோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் படி: பெயர்களை ஒழுங்குபடுத்துங்கள்

தேடல் கெடுவது பெரும்பாலும் வலையமைப்பால் அன்று, பெயர்களால். மாங்குளம் கல்வெட்டுப் படத்தை ஒருவர் ‘மாங்குளம்’ என்றும், இன்னொருவர் ‘மீனாட்சிபுரம்’ என்றும், வேறொருவர் ‘ஓவாமலை’ என்றும் சேமித்திருப்பார். மூன்றும் அந்த ஒரே இடத்தைக் குறிக்கும். குழு கூடி, ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு குறியீட்டை நிறுத்திக்கொள்ள வேண்டும். பிற பெயர்களைப் பட்டியலில் ஒரு தனி நிரலில் இடலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. ‘அழகர்கோயில்’ என்பதில் உள்ள ‘கோ’வை யூனிகோடில் இருவிதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைச் சுழியையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆப்பிளின் பழைய கோப்புமுறை பிரித்தே சேமித்தது; விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஆகவே தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பெயரின் ஹாஷைக் கொண்டு தேடும் அமைப்பில் இரண்டும் இரு துருவங்களில் போய் நிற்கும். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் அனைத்துக்கும் இது பொருந்தும். கோப்புப் பெயருக்கு எண்ணும் இடக்குறியீடும் மட்டும் வைத்து, தமிழ் விவரத்தைப் பட்டியலுக்குள் எழுதுவது பாதுகாப்பான வழி. பட்டியலை மாதம் ஒருமுறை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் பகிர்வதில் பயனில்லை.

நான்காம் படி: இணைப்பைச் சோதியுங்கள்

இரு கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள, குறைந்தது ஒன்றையாவது வெளியிலிருந்து அணுக முடிய வேண்டும். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரிக்குத் தட்டுப்பாடு இருப்பதால் பல இணைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். உங்கள் வீடு அப்படி இருக்கிறதா என்று அறிய, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அல்லது ‘என் ஐபி என்ன’ என்று கேட்கும் இணையதளங்கள் காட்டும் முகவரியோடு ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் சிஜிநாட்டின் பின்னால் இருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். இருபுறமும் ஐபிவி6 என்னும் தட்டுப்பாடில்லாத புதிய முகவரி முறை இருந்தால் பெரும்பாலும் நேரடி இணைப்பு கிடைக்கும். குழுவில் ஒருவருக்காவது பொது முகவரி இருந்தால் மற்றவர்கள் அவரோடு இணையலாம். எதுவுமே அமையாவிட்டால் இடையில் ஒரு ரிலே சர்வர் வழியாகக் கோப்பு போகும், வேகம் மட்டும் குறையும்.

ஐந்தாம் படி: நிறுவுங்கள்

சின்க்திங் என்னும் இலவசத் திறமூல மென்பொருள் இந்த அளவுக்குப் போதும். நிறுவியதும் உலாவியில் 127.0.0.1:8384 என்ற முகவரியில் அதன் பக்கம் திறக்கும். முதல் வேலையாக அந்தப் பக்கத்துக்குக் கடவுச்சொல் இடுங்கள்.

ஒவ்வொரு கணினிக்கும் ஏழேழு எழுத்துகளாக எட்டுத் தொகுதிகள் கொண்ட ஓர் அடையாள எண் கிடைக்கும். அக்கணினியின் மின்னணுச் சான்றிதழிலிருந்து ஷா-256 என்னும் ஹாஷ் முறையில் கணக்கிடப்பட்ட எண் அது. ஆகவே வேறு யாரும் அந்த அடையாளத்தைச் சொல்லிக்கொண்டு வர முடியாது. இருவர் இணைய, இருவரும் மற்றவரின் எண்ணைத் தத்தம் கணினியில் ஏற்ற வேண்டும். எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு அத்தோடு விடாதீர்கள். அடுத்த முறை நேரில் கூடும்போது கியூஆர் குறியை ஒருவர் காட்ட ஒருவர் ஏற்றிக்கொள்வது, அல்லது தொலைபேசியில் முழு எண்ணையும் வாசித்துச் சரிபார்ப்பது நல்லது. எட்டுப் பேருக்கு இது ஒரு மாலை நேர வேலை. இந்த வலையமைப்பில் அந்நியர் நுழைவதைத் தடுக்கும் கதவு இதுதான். வேறு கதவு கிடையாது.

கோப்புறைகளை இப்படிப் பிரியுங்கள். ஒவ்வொருவரும் தம் படங்களுக்கு ஒரு கோப்புறை வைத்து, தம் கணினியில் அதை ‘அனுப்ப மட்டும்’ என்றும், நகல் வைத்திருப்பவரின் கணினியில் ‘பெற மட்டும்’ என்றும் அமைக்க வேண்டும். அப்போது நகல் வைத்திருப்பவர் கைதவறி எதையாவது அழித்தாலும் அது உரியவரிடம் பரவாது. பட்டியலுக்கு எட்டுப் பேருக்கும் பொதுவான இன்னொரு கோப்புறை வேண்டும். அதற்குள் ஒரே பெரிய பட்டியலை எல்லோரும் திருத்தினால் முரண்பட்ட நகல்கள் குவியும் என்பதால், ஆளுக்கு ஒரு பட்டியல் கோப்பு, அதை அவர் மட்டுமே திருத்துவது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நகலை இணையம் வழியாக அனுப்ப முயலாதீர்கள். இருபுறமும் 50 எம்பிபிஎஸ் வேகம் குறையாமல் கிடைத்தாலும் ஒரு டெராபைட் போய்ச்சேர ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். ஹார்டு டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறினால் அதில் சிறு பங்கு நேரம் போதும். கோப்புகள் இரு பக்கமும் இருந்தால் சின்க்திங் அவற்றைத் துண்டு துண்டாக ஹாஷ் பார்த்து, மாறியிருப்பதை மட்டும் அனுப்பும். இணைந்த பிறகு ஒவ்வொரு கணினியின் பெயருக்கும் கீழே இணைப்பின் வகை தெரியும். ‘ரிலே’ என்று காட்டினால் நான்காம் படிக்குத் திரும்பிப் போய், ரௌட்டரில் 22000 என்ற போர்ட்டை, அதாவது சின்க்திங் வெளியிலிருந்து இணைப்பை ஏற்கும் வாயிலை, திறக்க முடிகிறதா என்று பாருங்கள். ரிலேயை நடத்துபவர் முன்பின் தெரியாதவர்தான்; என்றாலும் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டே போவதால் அவரால் அவற்றைப் பார்க்க இயலாது. எந்த முகவரிக்கும் எந்த முகவரிக்கும் இடையே எவ்வளவு போகிறது என்பது மட்டும் தெரியும்.

ஆறாம் படி: நகல்களை எங்கே வைப்பது

ஒரு கணினி நாளில் பாதி நேரம் இயங்குகிறது என்றால், அதில் மட்டும் உள்ள கோப்பு பாதி நேரம்தான் கிடைக்கும். இதேபோன்ற மூன்று கணினிகளில் நகல் இருந்தால் எட்டில் ஏழு பங்கு நேரம், ஐந்தில் இருந்தால் முப்பத்திரண்டில் முப்பத்தொரு பங்கு நேரம் கிடைக்கும். நூல்களில் காணும் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு கணினி அணைவதற்கும் மற்றது அணைவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

நம் ஊரில் அந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்று பார்ப்போம். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு துணை மின்நிலையப் பகுதி முழுவதும் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், அந்தப் பகுதிக்குள் நான்கு நகல்கள் இருந்தாலும் நான்கும் ஒன்றுதான். எல்லோரும் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் எல்லாக் கணினிகளும் ஒன்றாக அணைந்திருக்கும். ஒரே கேபிள் ஆபரேட்டரிடம் இணைப்பு வாங்கிய தெருவில், வீட்டில் யுபிஎஸ் இருந்தும், தெருமுனைப் பெட்டியில் மின்சாரம் இல்லாவிட்டால் இணையம் இராது. ஆகவே ஒவ்வொரு கோப்பின் மூன்று நகல்களையும் மூன்று வெவ்வேறு மின்நிலையப் பகுதிகளில், முடிந்தால் வெவ்வேறு இணைய நிறுவனங்களின் இணைப்புகளில் வைக்க வேண்டும்: திருநகரில் ஒன்று, மேலூரில் ஒன்று, உசிலம்பட்டியில் ஒன்று என்பது போல. நகல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட அவற்றைப் பிரித்து வைப்பது கூடுதல் பலன் தரும்.

எப்போதும் இயங்கும் ஒரு கணினியையாவது ஏற்பாடு செய்யுங்கள். பேட்டரி நன்றாக இருக்கும் பழைய மடிக்கணினி போதும். ரௌட்டருக்கு என்று விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றையும் வாங்குங்கள். ஒருவர் காலையிலும் மற்றவர் இரவிலும் மட்டும் கணினியைத் திறப்பவர்களாக இருந்தால், நடுவில் இப்படி ஒன்று இல்லாமல் அவர்கள் இருவரும் ஒருபோதும் சந்திக்க மாட்டார்கள். இது மையமாகிவிடாதா என்று கேட்கலாம். இது அணைந்தாலும் மற்றவர்கள் நேரடியாக இணைய முடிகிறது, பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது என்பதால் தாமதம் ஏற்படுமே தவிர எதுவும் இழக்கப்படாது.

ஏழாம் படி: எவற்றிலிருந்து காப்பது

பாதுகாப்பு என்றதும் முகம் தெரியாத ஹேக்கரை நினைக்கிறோம். இத்தகைய குழுவுக்கு அதைவிட நெருங்கிய ஆபத்துகள் உள்ளே இருக்கின்றன. உரியவர் தம் கோப்புறையில் ஒன்றை அழித்தால், அந்த அழிப்பு மற்றவர்களிடமும் உடனே நடக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அவர் கணினியில் புகுந்தால், பூட்டிய கோப்புகளே நல்ல நகல்களின் மேல் வந்து உட்காரும். ஒத்திசைவை நகல் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இதற்காகப் பெறுபவரின் கணினியில் ‘கோப்புப் பதிப்புகள்’ என்னும் வசதியை இயக்கி, பழைய பதிப்புகளைச் சில மாதங்களாவது வைத்திருக்குமாறு அமையுங்கள். அதோடு எந்தக் கணினியிலும் செருகப்படாத ஒரு ஹார்டு டிஸ்க் யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

மடிக்கணினி தொலைந்தால், அதன் அடையாள எண்ணை மற்ற ஏழு பேரும் அன்றைக்கே நீக்க வேண்டும். மையம் இல்லாத அமைப்பில் ‘ஓரிடத்தில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கும்’ என்ற வசதி இராது. இதை யார் யாருக்குச் சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். முழுமையாக நம்ப இயலாத ஒருவரின் கணினியில் இடம் கிடைத்தால், கோப்புறையை ‘குறியாக்கிப் பெறு’ என்ற வகையில் பகிரலாம். அவர் நகலைச் சுமப்பார், திறந்து பார்க்க முடியாது.

படங்களுக்குள் பதிவாகும் ஜிபிஎஸ் விவரத்தையும் கவனியுங்கள். பாதுகாப்பு வேலி இல்லாத பாறை ஓவியத்தின் துல்லியமான இருப்பிடம் வெளியே போனால், பெயர் கிறுக்குபவர்களும் புதையல் தோண்டுபவர்களும் வழி கேட்காமலே வந்து சேர்வார்கள். குழுவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; வெளியே தரும் நகலில் அகற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: அணைத்துப் பாருங்கள்

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் ஒரு விடுமுறை நாளில் குழுவாகச் சோதனை செய்யுங்கள். எப்போதும் இயங்கும் கணினியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, புதிய படம் ஒன்று உசிலம்பட்டியிலிருந்து மேலூருக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்துவிட்டுப் பழைய பதிப்பை மீட்டெடுங்கள். வீட்டு இணையத்தை நிறுத்திவிட்டுப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடுங்கள். எங்கே சிக்குகிறதோ அதைத் தாளில் எழுதி, முதல் படியில் எழுதிய விவரத்தோடு ஒப்பிட்டால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரியும்.

பொதுவெளிக்குப் போகும்போது

தேர்ந்தெடுத்த படங்களை எல்லோருக்கும் தர விரும்பினால், அப்போது டோரண்ட் பயன்படும். ஒரே நேரத்தில் பலர் இறக்கினாலும் உங்கள் இணைப்பின் மேல் முழுச் சுமையும் விழாது. இறக்குபவர்களே ஒருவருக்கொருவர் துண்டுகளைத் தந்துகொள்வார்கள், குறைவான பேரிடம் உள்ள துண்டையே முதலில் பரப்புவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் இருப்பதால் இடையில் எவரும் போலித் துண்டைச் செருக முடியாது. ஆனால் ஹாஷ் உறுதி செய்வது ‘இந்த எண்ணுக்கு உரிய கோப்பு இதுதான்’ என்பதை மட்டுமே. அந்த எண் உங்கள் குழு வெளியிட்டதுதானா என்பதை அது சொல்லாது. கசாவில் பாடலின் பெயரைப் போட்டு இரைச்சலை நிரப்பிய கோப்புகள் ஏராளமாகப் பரவியது இந்த இடைவெளியில்தான். ஆகவே மேக்னெட் இணைப்பைக் குழுவின் சொந்தப் பக்கத்திலும் அச்சிட்ட வெளியீட்டிலும் தாருங்கள். பழைய டோரண்ட்கள் ஷா-1 முறையைச் சார்ந்தவை. ஒரே ஷா-1 எண் கொண்ட இரு வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2017இல் செய்தே காட்டப்பட்டது. புதிதாகச் செய்பவர்கள் ஷா-256 கொண்ட இரண்டாம் பதிப்பு டோரண்ட்டையே உருவாக்குங்கள்.

அந்நியர்கள் நிறைந்த டிஹெச்டியில் வேறு இரண்டு தாக்குதல்களை எதிர்பார்க்க வேண்டும். ஒருவரே ஆயிரம் போலி அடையாளங்களோடு நுழைவது முதலாவது. 2002இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டௌசர் இதற்குச் சிபில் தாக்குதல் என்று பெயரிட்டு, அடையாளங்களைச் சரிபார்க்கும் நம்பகமான அமைப்பு ஒன்று இல்லாமல் இதை நடைமுறையில் முற்றிலும் தடுக்க இயலாது என்று விளக்கினார். டோரண்ட்களின் டிஹெச்டியில் ஒரு கோப்பின் எண்ணுக்கு மிக நெருங்கிய எட்டுக் கணுக்களே அதன் குறிப்பைத் தாங்குகின்றன. அந்த எட்டு இடங்களையும் போலிகள் பிடித்துவிட்டால் கோப்பு எங்கும் இல்லாததுபோல் ஆகிவிடும். கணு எண்ணை அதன் ஐபி முகவரியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று பின்னர் வந்த பரிந்துரை, விரும்பிய இடத்தில் போய் உட்கார்வதைக் கடினமாக்குகிறது. உங்கள் கணுவைச் சுற்றியுள்ள எல்லா அண்டைக் கணுக்களையும் தாக்குபவரே நிரப்பி, உலகத்தை அவர் காட்டுகிறபடி மட்டும் பார்க்க வைப்பது இரண்டாவது. பிட்காயின் வலையமைப்பில் இது சாத்தியம் என்பதை 2015இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நெடுநாள் தொடர்பில் உள்ள கணுக்களை விடாமல் வைத்துக்கொண்டு, புதியவர்களைக் காலி இடம் இருந்தால் மட்டும் சேர்ப்பது கடெம்லியாவின் வழக்கம். நெடுநேரம் இயங்கிய கணு இன்னும் கொஞ்ச நேரம் இயங்கக்கூடும் என்ற கணிப்பில், தாங்குதிறனுக்காக வைத்த அந்த விதி, போலிகள் மொத்தமாக நுழைவதையும் தடுக்கிறது.

டோரண்ட்டில் இறக்குபவர், தருபவர் எல்லோருடைய ஐபி முகவரியும் மற்றவர்களுக்குத் தெரியும். படமெடுத்தவரின் சம்மதம் இல்லாத படத்தையும், பதிப்புரிமை உள்ள நூலின் பக்கங்களையும் அதில் சேர்க்காதீர்கள்; ஒருமுறை பரவியதை மையம் இல்லாத வலையமைப்பிலிருந்து திரும்பப் பெற வழி கிடையாது. உறுப்பினர்களுக்குள் மட்டும் டோரண்ட் வழியாகப் பகிர விரும்பினால், உருவாக்கும்போதே ‘தனிப்பட்டது’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அது டிஹெச்டியில் அறிவிக்கப்படாது; அதற்கு ஈடாக, யார் யார் பகிர்கிறார்கள் என்று சொல்லும், நீங்கள் குறிப்பிடும் டிராக்கர் சர்வர் ஒன்று எப்போதும் இயங்க வேண்டியிருக்கும். அந்தச் சர்வரை யார் வீட்டில், எந்த மின்நிலையப் பகுதியில் வைப்பது என்பதை ஆறாம் படியின்படி முடிவு செய்துகொள்ளுங்கள்.